மலைச் சாலை வண்டிக்கு வீல் பேரிங், ஹப் மாற்றுவது: நீலகிரிக்கான முழு வழிகாட்டி

சமவெளியில் வருடக்கணக்கில் சத்தம் போடாத வீல் பேரிங் (சக்கரம் லேசாகச் சுழல உதவும் உருண்டை அல்லது ரோலர் வளையம்), நீலகிரிக்கு வந்தால் சீக்கிரமே ஊளையிட ஆரம்பிக்கிறது. முதல் காரணம் சூடு. குன்னூரிலிருந்து கல்லாறுக்கு இறங்கும் பாதை 14 கொண்டை ஊசி வளைவுகளோடு 1,300 மீட்டருக்கு மேல் கீழே போகிறது. கியரில் பிடிக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் டிஸ்க்கும் டிரம்மும் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூடு ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகம்) வழியாகப் பேரிங்குக்குப் போய் கிரீஸை இளக்கி ஓட விடும். அடுத்தது பக்கவாட்டுச் சுமை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. கேரட்டோ முட்டைக்கோஸோ ஏற்றிய பிக்கப் என்றால் கேட்கவே வேண்டாம்.

பிறகு தண்ணீர். கூடலூர், தேவாலா, நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மழையைவிட மோசமான பழக்கம் ஒன்று இருக்கிறது. காட் ரோடு (மலைப்பாதை) இறங்கிய கையோடு வண்டியைப் பிரஷர் வாட்டரில் கழுவுவது. ஹப் சூடாக இருக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தக் காற்று சுருங்கி, ஆயில் சீல் (கிரீஸை உள்ளேயே வைக்கும் ரப்பர் வளையம்) உதட்டுக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். இறங்கியபின் ஒரு மணி நேரம் ஆற விட்டுக் கழுவுங்கள். ஹப் பக்கம் நேராகப் பீச்சாதீர்கள்.

இவையெல்லாம் மலை தருவது. ஆனால் புதிதாகப் போட்ட பேரிங் நாலைந்து மாதத்தில் மறுபடி சத்தம் போட்டால், பெரும்பாலும் பொருத்திய விதத்தில்தான் கோளாறு: சுத்தியல் விழுந்த இடம், அல்லது நட்டை இறுக்கிய அளவு. இந்த வழிகாட்டி அதிக நேரம் அங்கேதான் நிற்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

பேரிங் சத்தம் 'ஹூம்ம்ம்' என்று வேகத்தோடு ஏறும், வேகத்தோடு இறங்கும். கியரை நியூட்ரலுக்கு மாற்றினாலும் நிற்காது. (இந்தச் சோதனையைச் சமமான ரோட்டில் மட்டும் செய்யுங்கள், இறக்கத்தில் நியூட்ரல் போடுவது உயிரோடு விளையாடுவது.) டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்து மாறும், புதுத் தாரில் குறையும், பழைய ஜல்லி ரோட்டில் கூடும். பேரிங் சத்தத்துக்கு ரோடு ஒரு பொருட்டல்ல. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்டும் 'டக் டக் டக்' என்றால் அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்.

எந்தப் பக்கம் என்பதை வளைவே சொல்லும். இடது வளைவில் எடை வலது சக்கரத்துக்குப் போகும். அங்கே சத்தம் கூடி, வலது வளைவில் குறைந்தால் முதலில் வலது சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். இதை மட்டும் நம்பிப் பேரிங் வாங்கிவிட வேண்டாம். ஜாக்கி போட்டுப் பார்த்த பிறகே முடிவு.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகக் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் காணாமல் போனால் அது பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் (சக்கரம் திரும்ப உதவும் இணைப்புகள்). பக்கவாட்டில் இடது, வலது கை வைத்து ஆட்டும்போது மட்டும் லூஸ் தெரிந்தால் ஸ்டீயரிங் கம்பியின் முனையான டை ராடு எண்டைப் பாருங்கள். அடுத்து ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங் கையில் ஒன்றும் தெரியாமல் ஓடும். கெட்டது, அம்மியில் மணல் அரைபடுவதுபோல ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காத ஆரம்பக் கோளாறைக்கூட இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் வண்டியில் எந்த வகை

வேலைமுறை வகைக்கு வகை மாறும் என்பதால் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஜீப், பின் சக்கர டிரைவ் பிக்கப் போன்றவற்றின் முன் ஹப்பில் பெரும்பாலும் கோன் பேரிங் இரண்டு இருக்கும்: உள்ளே பெரியது, வெளியே சிறியது. ஒவ்வொன்றும் ரோலரோடு கூடிய கோன், ஹப்பில் அடித்து உட்கார வைக்கும் கப் என்று இரண்டு துண்டு. ஆட்டத்தை நட்டு வைத்து நாம்தான் செட் செய்ய வேண்டும்.

முன் சக்கர டிரைவ் கார்களில் பெரும்பாலும் இரட்டை வரிசை உருண்டை பேரிங் நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கும் பாகம்) பிரஸ் செய்யப்பட்டிருக்கும். கிரீஸும் சீலும் கம்பெனியிலேயே முடிந்துவிட்டவை. புதிய மாடல்களில் ஹப்பும் பேரிங்கும் ஒரே யூனிட்டாக மூன்று, நான்கு போல்ட்டில் நிற்கும். சில சிறிய கார்களில் பின் டிரம்முக்குள்ளேயே பேரிங் உட்கார்ந்திருக்கும்.

பேரிங் வாங்கும்போது

கழற்றிய பேரிங்கின் வளையத்தில் உள்ள எண்ணைத் துடைத்துப் படியுங்கள். சாதாரண உருண்டை (பால்) பேரிங்கில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை 5 ஆல் பெருக்கினால் உள்துளை கிடைக்கும்: 6206 என்றால் உள்துளை 30 மில்லிமீட்டர், வெளி விட்டம் 62, அகலம் 16. இரட்டை வரிசைப் பேரிங்குகளில் பல, அளவையே எண்ணாகச் சுமக்கும்: டிஏசி34640037 என்றால் உள்துளை 34, வெளி 64, அகலம் 37. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகடு. சி3 என்பது உள்ளிடைவெளி கொஞ்சம் கூடுதல் என்பதைக் குறிக்கும். பழையதில் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

எஸ்கேஎஃப், டிம்கென், என்பிசி, எஃப்ஏஜி, என்எஸ்கே, கோயோ எல்லாமே நல்ல பேர்கள்தான். நல்ல பேருக்குத்தான் போலியும் வரும். அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு வளையத்தைப் பாருங்கள்: எழுத்து கூர்மையாக, சீராகப் பதிந்திருக்க வேண்டும், ரேஸ் (உருண்டையோ ரோலரோ ஓடும் பாதை) கண்ணாடிபோல இருக்க வேண்டும், பில் கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். விலை பாதியாக இருந்தால் காரணம் இருக்கும். கோன் பேரிங்கில் புதிய கோனைப் பழைய கப்பில் ஓட விடாதீர்கள். இரண்டும் ஒரே கம்பெனி ஜோடியாகவே போக வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் புதிய ஆயில் சீல், ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் ஊசி), ஹப் கேப் வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவ் ஷாஃப்ட் நட்டு ஒருமுறை மட்டுமே பயன்படும் வகையானால் அதையும் வாங்க வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சம் கூடாது. சேஸிஸ் கிரீஸாக விற்கும் சாதாரண கால்சியம் கிரீஸ் 100 டிகிரி பக்கத்திலேயே உருகி ஓடும். சாதாரண லித்தியம் கிரீஸ் 180 டிகிரி வாக்கில் தாங்கும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் 250 டிகிரியைத் தாண்டும். மலையில் ஓடும் வண்டிக்கு இந்த மூன்றாவதைத்தான் போட வேண்டும், கெட்டித்தன்மை எண் 2. அரை கிலோ டப்பா இரண்டு முன் சக்கரத்துக்கும் போதும், மிஞ்சும். பழைய கிரீஸோடு கலக்காதீர்கள். வெவ்வேறு வகை சேர்ந்தால் மோர்போல நீர்த்துப்போகலாம்.

இடமும் கருவியும்

மலையில் சமதளம் கிடைப்பதே பெரிய விஷயம். வாசல் சரிவாக இருந்தால் அங்கே ஜாக்கி போட வேண்டாம். ஒரு மளிகைக்கடை முன்னால் இருக்கும் நாலடி சிமென்ட் தரையாவது தேடுங்கள். ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை நம்பி உடம்பைக் கீழே நுழைக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் எடை இறங்கிய பிறகே கை வையுங்கள். கட்டைக்குப் பதில் கல் வைத்தால் வேலை முடிந்ததும் அந்தக் கல்லை ரோட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். மூடுபனியில் வளைவு திரும்பும் பைக்காரருக்கு அந்தக் கல் கண்ணில் படாது.

தேவையானவை: சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனர், நீளமான கைப்பிடி, டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), சர்கிளிப் (வரியில் விழுந்து பேரிங்கைப் பிடிக்கும் வளையம்) எடுக்கும் பிளையர், பித்தளை ராடு, மூன்று கால் புல்லர், மண்ணெண்ணெய் அல்லது டீசல், நூல் உதிராத துணி, சுத்தமான தட்டு. முடிந்தால் காந்தக் காலோடு ஒரு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி). பழைய கப்பைத் தூக்கி எறியாதீர்கள். புதிய கப்பை அடித்து இறக்க அதைவிடச் சரியான கருவி கிடையாது. அதன் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் ஒரு சுற்று லேசாகத் தேய்த்துக் குறைத்தால் ஹப்புக்குள் மாட்டிக்கொள்ளாது.

மழை நாளில் வெட்டவெளியில் இந்த வேலை வேண்டாம். மூடுபனி இறங்கும் இடத்தில் துடைத்து வைத்த ரேஸில் ஒரே இரவில் துரு படியும். வேலை பாதியில் நின்றால் எண்ணெய் பூசி பாலித்தீன் சுற்றி வையுங்கள்.

கோன் பேரிங்: கழற்றுவது

சக்கரத்தை எடுங்கள். சில பழைய ஜீப்புகளில் இடது பக்க வீல் நட்டு தலைகீழ் மரை. போல்ட் தலையில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். தெரியாமல் வலுவாகத் திருப்பினால் போல்ட் முறியும். டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் எடை ஏறக் கூடாது. டிரம் என்றால் ஷூவைப் பின்வாங்கச் செய்த பிறகே இழுக்க வேண்டும்.

ஹப் கேப்பை உளியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்து, ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றுங்கள். நாலு சக்கர டிரைவ் ஜீப்பில் முதலில் டிரைவ் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் சர்கிளிப்பையும் எடுத்தால், உள்ளே வெளி நட்டு, நாக்கு மடித்த லாக் வாஷர், உள் நட்டு என்று மூன்று அடுக்கு வரும். நாக்கை நிமிர்த்தாமல் நட்டைத் திருப்பாதீர்கள். அதற்கென்றே பெரிய பாக்ஸ் ஸ்பேனர் உண்டு. உளி வைத்து நட்டைத் தட்டித் திருப்பும் பழக்கம் நட்டையும் மரையையும் சேர்த்துக் கெடுக்கிறது.

ஹப்பை லேசாக ஆட்டினால் வெளி பேரிங் கையில் வந்துவிடும். உள் பேரிங்கை எடுக்க சீலைப் பிடுங்க வேண்டும், அது எப்படியும் புதியதுதான். கப்பைத் தட்ட ஹப்புக்குள் இரண்டு பள்ளம் வெட்டியிருப்பார்கள். பித்தளை ராடை அங்கே ஊன்றி ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி எதிர்ப்பக்கம். ஒரே பக்கமாக அடித்தால் கப் சாய்ந்து துளையைக் கீறும்.

பள்ளம் இல்லாத ஹப்பில் கப் அசையவே மறுக்கும். அப்போது லேத் பட்டறை வெல்டரிடம் கொடுத்து, கப்பின் உள்முகத்தில் ஒரு சுற்று வெல்டிங் கோடு போடச் சொல்லுங்கள். ஆறும்போது வெல்டிங் கப்பைச் சுருக்கும். ஹப்பைக் கவிழ்த்தால் கப் தானே விழும். ஹப்பைத் தனியாகக் கழற்றி மேசையில் வைத்து மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

பழைய பேரிங் சொல்லும் சேதி

புதியதைப் பிரிக்கும் முன் பழையதை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் அல்லது பழுப்பு படிந்திருந்தால் சூடு: பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, அல்லது நட்டு அதிகம் இறுகியிருக்கிறது. கப்பில் ரோலர் இடைவெளிக்குச் சரியாகக் கறுப்புக் கோடுகள் குழிந்திருந்தால் தண்ணீர் புகுந்து வண்டி நிறுத்தியபடி கிடந்திருக்கிறது. கிரீஸும் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். அதே இடைவெளியில் பளபளப்பான பள்ளம் என்றால் அடி: பெரிய குழியில் விழுந்திருக்கும், அல்லது பொருத்தும்போது சுத்தியல் பேசியிருக்கும். கப்பின் ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தால் அது சாய்ந்து உட்கார்ந்திருந்தது, அடியில் ஒரு துளி அழுக்கு போதும். கோனின் பெரிய விளிம்பு தேய்ந்து கருகியிருந்தால் இறுக்கம் அதிகம் அல்லது கிரீஸ் போதவில்லை.

துணி துவைக்கும் பலகைபோல நெருக்கமான குறுக்குக் கோடுகள் தெரிந்தால் மின்சாரம் பேரிங் வழியாக ஓடியிருக்கிறது. பிக்கப் பாடியில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பைத் தூரத்தில், ஹப்பில் மாட்டினால் இப்படி ஆகும். வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் பிடிக்கச் சொல்லுங்கள்.

காரணத்தைச் சரி செய்யாமல் புதியது போட்டால் அதே சாவுதான் புதியதற்கும் வரும். நீலம் கண்டால் வீல் சிலிண்டர், காலிப்பர் பின், ஹேண்ட்பிரேக் கேபிள் மூன்றையும் பாருங்கள். தண்ணீர் கண்டால் சீல் ஓடும் இடத்தில் நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதிய சீலும் ஒழுகும்.

கோன் பேரிங்: பொருத்துவது

ஹப் துளையைத் துடைத்து, கப் உட்காரும் தோளில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் எமரியால் எடுத்துவிடுங்கள். புதிய கப்பை, அகன்ற வாய் வெளியே பார்க்கும்படி வைத்து, பழைய கப்பை மேலே கவிழ்த்து அடித்து இறக்குங்கள். இறங்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் 'டங் டங்' என்று மணிபோல இருக்கும். தோளில் உட்கார்ந்த அடியில் அது 'டக்' என்று கெட்டியாகி, சுத்தியல் கையில் திருப்பி உதைக்கும். அந்த மாற்றத்தைக் கேட்ட பிறகு இன்னும் இரண்டு அடி, அவ்வளவுதான். பின் பக்கத்திலிருந்து மெல்லிய ஃபீலர் தகடு எங்கும் நுழையக் கூடாது.

உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் எடுத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தித் தேயுங்கள். மறுபக்கம் ரோலர்களுக்கு இடையே புழுபுழுவாகக் கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். ஒரு இடம் முடிந்ததும் திருப்பி அடுத்த இடம். மேலே பூசியது கணக்கில்லை, உள்ளே போனதுதான் வேலை செய்யும். ஹப்பின் நடுக்குழியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மட்டும் நிரப்புங்கள். முழுக்க அடைத்தால் கிரீஸ் கடைந்து சூடேறி, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூ மேல் வரும்.

உள் கோனை வைத்து, சீலை உதடு உள்ளே பார்க்கும்படி வைத்து, தட்டையான பலகை மேலே வைத்துச் சமமாக அடியுங்கள். உதட்டில் கிரீஸ் பூசி, ஹப்பை ஸ்டப் ஆக்சிலில் (ஹப் ஏறும் தண்டு) நேராக ஏற்றுங்கள். மரை சீலைக் கிழிப்பது இந்த நொடியில்தான். வெளி கோன், வாஷர், நட்டு.

இனி செட்டிங். ஹப்பை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். சுழற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்காராது, பத்து கிலோமீட்டரில் லூஸ் வந்துவிடும். பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் தொடும்வரை இறுக்கி, ஸ்ப்ளிட் பின் துளை ஒத்துவரவில்லை என்றால் அடுத்த வெட்டுக்குத் தளர்த்துங்கள், இறுக்காதீர்கள்.

ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். ஒரு கணக்கு: மரை பிட்ச் (ஒரு முழுச் சுற்றில் நட்டு நகரும் தூரம்) 1.5 மில்லிமீட்டர், நட்டில் ஆறு வெட்டு, ஆக்சிலில் ஒரு துளை என்றால் ஒரு வெட்டு நகர்ந்தால் ஆட்டம் 0.25 மில்லிமீட்டர் மாறும். ஒரே தாவலில் வரம்பைத் தாண்டிவிடும். அதனால்தான் பல ஆக்சிலில் குறுக்காக இரண்டு துளை போட்டிருக்கிறார்கள். அப்போது அடுத்த நிலை 0.125-லேயே கிடைக்கும். இரண்டு துளையையும் பாருங்கள். ஒரே துளைதான் இருந்து ஆட்டம் அதிகமானால், வாஷரைக் கொஞ்சம் தடிமன் மாற்றிப் பாருங்கள்.

இரட்டை நட்டு ஜீப்பில் உள் நட்டைச் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, லாக் வாஷர் போட்டு, வெளி நட்டை நன்றாக இறுக்கி நாக்கை மடியுங்கள். வெளி நட்டு இறுகும்போது மரையின் இடைவெளியை எடுத்துக்கொண்டு செட்டிங் சற்று மாறும். ஆகவே எல்லாம் இறுகிய பிறகு ஆட்டத்தை மறுபடி பாருங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேடே சரி.

சக்கரம் மாட்டி மேலும் கீழும் ஆட்டும்போது விரலுக்கு மெல்லிய ஒரு 'டிக்' தெரிவது கோன் பேரிங்கில் குற்றமில்லை. ஒன்றுமே தெரியாமல் கெட்டியாக இருப்பதுதான் பயப்பட வேண்டியது: காட் ரோடு சூட்டில் ஹப் விரிந்து மேலும் இறுகி, பேரிங் பிடித்துவிடும்.

நக்கிளில் பிரஸ் செய்த பேரிங்

இந்த வேலைக்குக் குறைந்தது 10 டன் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். ஊட்டி, குன்னூர், கூடலூர் போன்ற டவுன்களின் லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். நக்கிளைக் கழற்றிவிட்டால் கார் நகராது. ஆகவே பட்டறை திறந்திருக்கிறதா, பிரஸ் காலியா என்று விசாரித்து, புதிய பேரிங்கும் சர்கிளிப்பும் கையில் வந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

டிரைவ் ஷாஃப்ட் நட்டின் அடித்த விளிம்பை நிமிர்த்தி, ஒருவர் பிரேக் மிதிக்கத் தளர்த்துங்கள். நட்டு தளர்ந்த பிறகு சக்கரத்தின் மேல் வண்டி எடையை இறக்கவோ உருட்டவோ கூடாது. இந்தப் பேரிங்கின் உள்வளையம் இரண்டு துண்டு. நட்டின் இறுக்கம்தான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சரை முதலில் எடுத்து ஓரமாகக் கட்டுங்கள். துருவில் ஒட்டியிருந்தால் பிளையரால் முறுக்காமல் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். டை ராடு, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட் போல்ட்டில் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) திருத்தும் குறி இருந்தால் பெயின்டால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸில் நக்கிளைத் தாங்கி, ஹப்பைத் தள்ளி வெளியே எடுங்கள். பேரிங்கின் வெளிப்பக்க உள்வளையம் பெரும்பாலும் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். புல்லர் பிடிக்கவில்லை என்றால் கிரைண்டரால் வளையத்தை முக்கால் ஆழம் சாய்வாக வெட்டி, உளியை வைத்து ஒரே அடி, வெடித்துத் திறக்கும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், எஃகுத் துண்டு தெறிக்கும். வெட்டு ஹப் தண்டைத் தொட்டுவிட்டால் அந்த ஹப் கழிவு.

சர்கிளிப்பை எடுத்து, பழைய பேரிங்கைத் தள்ளி, துளையையும் சர்கிளிப் வரியையும் சுத்தம் செய்யுங்கள். புதியதை இரவே பாலித்தீன் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்திருந்தால் நுழைவது எளிது. பை இல்லாவிட்டால் பனிநீர் உள்ளே போகும். நக்கிளை 80 டிகிரி வாக்கில் சூடாக்கலாம். பேரிங் மேல் தீ காட்டவே கூடாது.

இந்த வேலையின் உயிர் இரண்டு அழுத்தத்தில் இருக்கிறது. நக்கிளுக்குள் பேரிங்கைத் தள்ளும்போது பிரஸ் வெளிவளையத்தின் மேல் மட்டும் உட்கார வேண்டும். அடுத்து ஹப்பைத் தள்ளும்போது அடியில் உள்வளையத்துக்கு மட்டும் குழாய் முட்டுக் கொடுக்க வேண்டும். நக்கிளைத் தாங்கி ஹப்பைத் தள்ளினால் முழு டன்னும் உருண்டைகள் வழியாகப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ரேஸில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்திருக்கும், சில நூறு கிலோமீட்டரில் ஊளை ஆரம்பிக்கும். பட்டறையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அந்த இரண்டு தடவையும் பக்கத்தில் நின்று, அடியில் என்ன முட்டுக் கொடுக்கிறார் என்று பாருங்கள். சொன்னால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

ஏபிஎஸ் வண்டியில் பேரிங்கின் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும், பெரும்பாலும் பழுப்பு அல்லது கறுப்பு ரப்பர்போல. அந்தப் பக்கம் சென்சரைப் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு காகிதத்தை மேலே வைத்து மெல்லிய இரும்புத் தூளைத் தூவுங்கள். காந்தப் பக்கத்தில் கோடு கோடாக நிற்கும். திருப்பிப் போட்டால் மீட்டரில் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும், பேரிங்கும் போகும்.

சர்கிளிப் வரியில் முழுச் சுற்றும் விழுந்ததா என்று ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுற்றிப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் நட்டின் இறுக்கம் வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலான கார்களில் 175 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள். சரியான எண்ணைக் கையேட்டில் எடுத்து டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் சத்தத்தை வைத்து 'போதும்' என்று முடிவு செய்வது இந்த நட்டில் செல்லாது.

போல்ட் யூனிட்டும் பின் டிரம்மும்

போல்ட் யூனிட் எளிது: பின்னாலிருந்து போல்ட், புது யூனிட், முடிந்தது. கஷ்டம் துருவில் மட்டும். ஃபிளாஞ்சை ஸ்லைட் ஹாமரால் இழுங்கள். யூனிட் உட்காரும் முகத்தைப் பளிச்சென்று தேய்த்து எடுக்காவிட்டால் ஹப் சாய்ந்து டிஸ்க் ஆடும்.

பின் டிரம்மில் இரண்டு பேரிங்குக்கு நடுவே ஸ்பேசர் குழாய் இருக்கும். அதை மறந்தால் நட்டு இறுகியதும் டிரம் சுழலாது. ஒரு பேரிங்கை அடித்து, ஸ்பேசரை வைத்து, மற்றதை அடியுங்கள். அடி எப்போதும் வெளிவளையத்தில்.

ஹப்பையும் மாற்ற வேண்டியது எப்போது

கப் கையால் தள்ளினாலே ஹப்புக்குள் நுழைந்தால் ஹப் முடிந்தது. துளையில் உளியால் பொட்டுக் குத்தியோ, டின் தகடு வெட்டி வைத்தோ இறுக்கித் தருகிறேன் என்பார்கள். பொட்டு சில வாரத்தில் தேய்ந்து, கப் சுற்ற ஆரம்பிக்கும். ஏற்றிய வண்டியில், வளைவில், அது சக்கரம் போகும் வழி. ஸ்டப் ஆக்சிலில் உள் கோன் சுற்றிய பளபளப்பும் படியும் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கோன் பேரிங்கின் உள்வளையம் ஆக்சிலில் கையால் வழுக்கி ஏறுவது இயல்பு, ஆடினால்தான் தவறு.

ஹப் முகத்தில் டயல் கேஜ் வைத்துச் சுழற்றினால் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் பிரேக் பிடிக்கும்போது பெடல் துடிக்கும், டிஸ்க்கைத் திருப்பித் திருப்பி லேத்தில் தேய்த்தும் தீராது. வீல் போல்ட் மரை கெட்டிருந்தால் போல்ட்டை மட்டும் பிரஸ்ஸில் மாற்றலாம்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஐந்து கிலோமீட்டர் சமமான ரோட்டில் மெதுவாக. நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிரிக்கவும். மலையில் இந்தச் சோதனையை இறக்கத்தில் செய்தால் ஏமாந்துபோவீர்கள், பிரேக் சூடு எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஏற்றத்தில் செய்யுங்கள். பர்லியாறிலிருந்து குன்னூர் ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. மேலே வந்ததும் இரு பக்க ஹப்பையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் நட்டு இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடவில்லை.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். வீல் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் வழக்கம். கோன் பேரிங் என்றால் 500 கிலோமீட்டரில் ஜாக்கி போட்டு ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள்; கூடியிருந்தால் கேப்பைத் திறந்து மறுபடி செட் செய்து, புது ஸ்ப்ளிட் பின் போட்டு மூடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, உங்கள் பக்கத்து மழை முடிந்த கையோடு, ஹப்பைத் திறந்து கிரீஸ் நிறத்தைப் பாருங்கள். பால் டீ நிறம் தெரிந்தால் பேரிங் இன்னும் நன்றாக இருந்தாலும் கழுவி, புது கிரீஸும் புது சீலும் போட்டுவிடுங்கள்.